ராவ் பகதூரின் இடது முகம்

ராவ் பகதூர் கஸ்தூரிரங்கனை 1941ஆம் வருஷம் ஆவணி மாதத்துக்குப் பிறகு யாரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. எதிரே நின்றவர்களுக்கு அவருடைய இடப்பக்க முகம் தெரிந்தது. வலப்பக்கமாகச் சுற்றிப் போனவர்களுக்கும் இடப்பக்க முகம்தான் தெரிந்தது. பின்னால் நின்று விசிறியவர்கள்கூட அதே காதையும், அதே மூக்கின் வளைவையும், அதே ஒற்றைக் கண்ணையும் பார்த்தார்கள். லஸ் வட்டாரத்தில் இதைப் பற்றி ஒரு மாதம் பேச்சிருந்தது. பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. ஜனங்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

கஸ்தூரிரங்கன் நகரசபை மெம்பர். அடையாற்றின் வடகரையில் அறுபது ஏக்கர் தோப்பும் மேடும் அவருக்குச் சொந்தம். அந்த வருஷம் சித்திரையில் அடையாற்றுத் தோட்டம் ஒன்றிலிருந்த நூலகத்தில் ஒரு தடித்த படப் புத்தகத்தைப் புரட்டியவர், நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலி தேசத்துச் சிற்றரசர்கள் தங்கள் முகத்தை வெண்கலத்தில் வார்த்துக்கொண்ட பதக்கங்களைக் கண்டார். பார்வைக்கு நாணயம் மாதிரிதான், ஆனால் அவற்றைக் கொடுத்து ஒரு படி உப்புகூட வாங்க முடியாது. ஒரு பக்கத்தில் அரசனின் பக்கவாட்டு முகம், மறுபக்கத்தில் அவன் விரும்பிய சின்னம். வேண்டியவர்களுக்குக் கொடுத்து உறவை இறுக்கினார்கள். வேண்டாதவர்களுக்கு அனுப்பிப் பயமுறுத்தினார்கள். கோட்டைச் சுவரின் அஸ்திவாரத்தில் புதைத்தார்கள். கோட்டை இடிந்தாலும் மண்ணுக்குள்ளிருந்து முகம் எழுந்து வரும் என்பது கணக்கு. கஸ்தூரிரங்கன் மூன்று நாள் தொடர்ந்து போய் அந்தப் பக்கங்களைப் பார்த்தார். அந்த அரசர்களில் சிலருக்குத் தம்மைவிடக் கொஞ்சம்தான் நிலம் இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. நான்காம் நாள் சாந்தோமுக்கு ஆள் அனுப்பினார்.

சாந்தோமில் கடலை ஒட்டிய தெருவில் இருந்த ஆரோக்கியநாதன் திருநாள் சமயங்களில் மாதா பதக்கம் வார்ப்பார், மற்ற நாட்களில் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை அவர் உளி படாத குடமோ தவலையோ குறைவு. அவர் மனைவி நோரா ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். ராவ் பகதூர் ஜன்னலைப் பார்த்தபடி பதினோரு நாள் உட்கார்ந்தார், ஆரோக்கியநாதன் இடப்பக்கத்தில் முக்காலி போட்டு, பலகை மேல் மெழுகில் அந்த முகத்தைச் செதுக்கினார். கடைசி நாள் ராவ் பகதூர் கேட்டார்:

"எல்லாம் வந்துடுத்தா?"

"இந்தப் பக்கம் பூரா வந்திருச்சிங்க."

"அந்தப் பக்கம்?"

"மெடலுக்கு அது வேண்டியதில்லைங்க ஐயா."

"அப்படின்னா எனக்கும் வேண்டியதில்லை" என்று சொல்லி எழுந்து போனார்.

பின்பக்கத்துக்கு ஓர் ஆறும் அதன் மேல் விரித்த உள்ளங்கையும் கேட்டார். கைக்குக் கீழே 'அஞ்சேல்' என்று எழுத்து. யுத்தகாலத்தில் செம்புக்கும் பித்தளைக்கும் கட்டுப்பாடு இருந்தாலும் அவருக்கு அது தடையாகவில்லை. யுத்தத்துக்காக வீடு வீடாகப் பாத்திரம் திரட்டும் கமிட்டிக்கு அவரே தலைவர். மூன்று வண்டிப் பாத்திரங்கள் துறைமுகத்துக்குப் போயின, நான்காவது வண்டி ஆரோக்கியநாதன் வீட்டு முற்றத்தில் வந்து கவிழ்ந்தது. அவர் குனிந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் தன் கையெழுத்தே இருந்தது. அடையாற்றின் தென்கரையில் துறைக்குப்பத்தில் துணி வெளுக்கிற தேவானை, கல்யாணத்தின்போது கொண்டுவந்து பெயர் வெட்டிக்கொண்டு, பெயருக்குக் கீழே ஒரு மீனும் போடச் சொன்ன குடம் மேலாகக் கிடந்தது.

"திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் நோரா.

"அனுப்பினா நாளைக்குப் போலீஸ் வந்து நிக்கும்."

"அப்போ பேரையாவது அறுத்து எடுத்து வையுங்க."

அதையும் அவர் செய்யவில்லை. பெயர்களோடு சேர்த்தே உருக்கினார். மூன்று அங்குல அகலத்தில் நூற்றியொரு பதக்கம் வார்த்து, முதலில் வார்த்த சோதனைப் பதக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நூறைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று காலை லஸ் வீட்டில் ராவ் பகதூரின் மனைவி சூடாமணி காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏன்னா, என்னைப் பாருங்கோ."

"பாத்துண்டுதானே இருக்கேன்."

"இல்லை. ஜன்னலைப் பாக்கறேள்."

"உன்னைத்தான் பாக்கறேன். காபியில சக்கரை போறலை."

சூடாமணி அவரை மூன்று தரம் சுற்றி வந்தாள். மூன்று தரமும் ஒரே காது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வலது புருவத்தில் அவருக்கு ஒரு தழும்பு இருந்தது அவளுக்கு ஞாபகம். தீபாவளிக்குள் அது புருவத்துக்கு மேலா கீழா என்பது மறந்துபோனது. பொங்கலுக்குள் தழும்பு இருந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ராவ் பகதூருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மனு கொண்டுவருகிறவன் முதலில் தேடுவது கண்களைத்தான். கண்கள் தன் பக்கம் திரும்பாதபோது பாதிப் பேர் மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நகரசபையில் எதிர்த்துப் பேச எழுந்தவர்கள் ஒரு காதோடு வாதம் செய்ய முடியாமல் உட்கார்ந்தார்கள். பதக்கங்களை அவர் மெம்பர்களுக்கும், போலீஸ் அதிகாரிகளுக்கும், நிலப் பதிவு பார்ப்பவர்களுக்கும், பொதுப்பணி ஓவர்சியர்களுக்கும் தாமே வீடு தேடிப் போய்க் கொடுத்தார். அந்தப் பதக்கத்தை வீட்டில் வைத்திருந்தவர்கள் எங்கே இருந்தாலும் அவருக்கு மாறாகப் பேச வாய் திறந்தால் நாக்கில் களிம்பு ஏறியது, கழுவாத பித்தளையில் ஏறுகிற அதே பச்சைக் களிம்பு. டாக்டர்கள் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுப் பெண்கள் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தார்கள். அது கொஞ்சம் கேட்டது, ஆனால் பேசாமல் இருப்பதுதான் முழுசாகக் கேட்டது. பதக்கத்தை வெளியே போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ராவ் பகதூர் அடுத்த தரம் வரும்போது அலமாரியைத்தான் முதலில் பார்ப்பார்.

1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊரே காலியானது. மயிலாப்பூரில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. பார்க்க ஆளில்லாத அந்த மாதங்களில் ராவ் பகதூர் வடகரையில் தன் நிலத்தை ஒட்டி அரை மைல் நீளத்துக்கு ஆற்றுச் சுவர் எழுப்பினார். வெள்ள பயம் இல்லாத மனைகளாக நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். வடக்கே சுவர் வந்தால் வெள்ளம் தெற்கே ஏறும், தெற்கே இருப்பது துறைக்குப்பம். சுவருக்கு வரைபடம் போட்ட ஓவர்சியர் வலியுல்லாவுக்கு இது தெரியும். அதைச் சொல்லத்தான் அவர் ராவ் பகதூர் வீட்டு வாசல் வரை போனார். வாய் திறந்ததும் நாக்கு கசந்து தடித்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தார். மனைவி ஹாஜிரா பீ புளி கரைத்துக் கொடுத்தாள். மறுநாள் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். அஸ்திவாரத்தில் ராவ் பகதூர் பன்னிரண்டு பதக்கங்களைப் புதைத்தபோது பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

1943 ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் மழை பெய்தது. கூவமும் அடையாறும் ஒரே நாளில் கரை தாண்டின. சுவர் ஒரு கல்கூட அசையாமல் நின்றது. வடகரைத் தோப்பில் தேங்காய் பொறுக்கினார்கள். தென்கரையில் துறைக்குப்பம் காலை பத்து மணிக்கு இருந்தது, பதினோரு மணிக்கு இல்லை. முப்பத்தேழு பேர் போனார்கள். தேவானையின் புருஷனும் இரண்டு பெண்களும் அதில் அடக்கம். தேவானை ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு ஒன்றரை நாள் இருந்தாள். பெரிய பெண்ணின் கையைப் பிடித்திருந்த வலது கை எந்த நேரத்தில் வெறும் கையானது என்று அவளுக்குத் தெரியவில்லை. மீட்டு வந்த பிறகும் அந்தக் கை மூடியே இருந்தது, விரித்துவிட எட்டு நாள் ஆனது.

தை மாதம் ஒரு விசாரணை வைத்தார்கள். வலியுல்லாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்று ஹாஜிரா பீ கதவை மறித்து நின்றாள். "ரெண்டு மாசமா நான் தூங்கலை. பேசிட்டு வந்து தூங்கறேன்" என்று சொல்லி அவளை மெல்ல நகர்த்திவிட்டுப் போனார்.

"சுவர் கட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்பது உமக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும். படம் போட்டவனே நான்தான். தென்கரை மூழ்கும்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

மூன்று வாக்கியம். நான்காவது வாக்கியத்தில் ராவ் பகதூரின் பெயர் இருந்திருக்க வேண்டும். களிம்பு நாக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியதை எதிரே இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உதடு பச்சையானது, பிறகு நகங்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சாட்சி உடல் நலமின்றி இருந்ததால் வாக்குமூலம் முற்றுப்பெறவில்லை என்றும், சேதத்துக்கு மழையே காரணம் என்றும் அறிக்கை வந்தது. ஹாஜிரா பீ அலமாரியிலிருந்த பதக்கத்தை எடுத்துப் போய்க் கடலில் எறிந்தாள். இரண்டு மாதம் முன்னால் எறிந்திருக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எதற்குமே சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தேவானை ஆரோக்கியநாதனின் வாசலில் வந்து நின்றாள். பாத்திரம் திரட்டிய வண்டி எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"மேஸ்திரி, என் கொடத்தக் குடு. வூட்ல இருந்ததுல வெள்ளத்துக்குத் தப்பிச்சது அது ஒண்ணுதான்."

"குடம் இல்லம்மா. உருக்கிட்டேன்."

"உருக்கி இன்னா பண்ண?"

அவர் உள்ளே போய்ச் சோதனைப் பதக்கத்தை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எது என் கொடம்?"

"தெரியாதும்மா. மூக்கா இருக்கலாம். காதா இருக்கலாம்."

"இந்த ஆள் வண்டில வந்துகினு போய்க்கினு இருப்பாரு. ஒரு நாளும் நம்ம பக்கம் பாத்தது இல்ல." பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு இதக் குடு மேஸ்திரி. எம் பொண்ணுங்கள முழுங்குனவன் மூஞ்சி எப்டி கீதுன்னு நெதம் பாக்கணும்."

"அதைக் குடுக்காதீங்க. அவங்க நாக்கும் பச்சையாயிடும்" என்றாள் நோரா உள்ளேயிருந்து.

அதனால் ஆரோக்கியநாதன் ஒரு நகல் செய்தார். பதக்கத்தை ஈரக் களிமண்ணில் அழுத்தி, மண்ணைக் காயவைத்து, அந்த அச்சில் ஈயத்தை ஊற்றினார். காயும்போது மண் சுருங்கும், ஆறும்போது உலோகமும் சுருங்கும். நகல் அசலைவிட ஒரு நூல் அளவு சிறியதாக வந்தது. வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இல்லை. தேவானை அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் வெள்ளித் தட்டு ஒன்றில் பெயர் வெட்ட ஆரோக்கியநாதனை லஸ் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராவ் பகதூரின் மோதிரம் கழன்று கழன்று விழுந்தது. கோட்டுக் கை விரல் நுனியை மறைத்தது. துணி வெளுக்கிறவன் கோட்டை இழுத்துவிட்டான் என்று ராவ் பகதூர் கோபித்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியநாதன் தட்டை மடியில் வைத்தபடி அந்தக் கையையே பார்த்தார். வீட்டுக்கு வந்து, நகலிலிருந்து ஒரு நகல் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை லஸ் பக்கம் போய்ப் பார்த்தபோது ராவ் பகதூரின் வேட்டி தரையில் இழுபட்டது.

"இது பாவமா நோரா?" என்று கேட்டார்.

"அந்தக் குடத்தை அடுப்புல போட்டப்போ கேட்டிருக்கணும்" என்றாள் நோரா. பிறகு, "மண் நான் பிசைஞ்சு தரேன்" என்றாள்.

அதிகம் பேசாத ஆரோக்கியநாதன் ராவ் பகதூரிடம் போய் நீளமாகப் பேசினார். நூறு பெரிய மனிதர்களிடம் ஐயாவின் முகம் இருக்கிறது, ஓட்டுப் போடும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இல்லையே என்றார். பித்தளைக்கு எங்கே போவது என்றார் ராவ் பகதூர். ஈயம் போதும் என்றார் இவர். ராவ் பகதூருக்கு யோசனை பிடித்தது. தேய்ந்த அச்செழுத்துகளும் மீன் வலைக் குண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்தன. ஆரோக்கியநாதன் ஒவ்வொரு தொகுதியையும் முந்தின தொகுதியிலிருந்தே வார்த்தார். மந்தைவெளி, தேனாம்பேட்டை, மாம்பலம் என்று வீடு வீடாக அவை போய்ச் சேர்ந்தன. ஈயத்தில் களிம்பு ஏறவில்லை. குழந்தைகள் சில்லு விளையாடினார்கள்.

1945இல் ராவ் பகதூர் பன்னிரண்டு வயதுப் பையன் உயரம் இருந்தார். நகரசபையில் அவருக்கு உயரமான நாற்காலி செய்து போட்டார்கள். அடுத்த தேர்தலில், எல்லா வீட்டிலும் அவர் முகம் இருந்ததால், முன் எப்போதும் இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தார். உயரம் குறையக் குறையப் பெரிய மனிதர்களின் நாக்குகள் பழைய நிறத்துக்குத் திரும்பின. அவர்கள் பேசியிருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்து அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது, சுவரின் வரைபடமும் ஆபீசில் காணாமல் போயிருந்தது. 1947 ஆகஸ்டில் லஸ் முனையில் கொடியேற்ற அவரைத்தான் அழைத்தார்கள். சூடாமணி அவரை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். அவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார், பக்கத்தில் நின்றவர்கள் கூடச் சேர்ந்து இழுத்தார்கள். கூட்டம் கை தட்டியது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அவருடைய இடது முகம் தெரிந்தது.

அதற்குள் ஈயம் ஆரோக்கியநாதனின் உடம்பில் ஏறியிருந்தது. ஈறுகள் கறுத்தன. 1948 தொடக்கத்தில் இரண்டு மணிக்கட்டும் ஈரத் துணி மாதிரி தொங்கிவிட்டன. கடைசித் தொகுதிகளை நோராதான் தையல் ஊசியால் சுத்தம் செய்து வார்த்தாள். கடைசிப் பதக்கம் ஒரு துவரம் பருப்பளவு இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் மூக்கு எது காது எது என்று தெரியவில்லை. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரலை மூட அவரால் முடியவில்லை.

"சுவர் நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குது."

"வீடு கட்டறாங்களா?"

நோராவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "முப்பது வீடு எழும்பிடுச்சு. தெருவுக்கு அவர் பேரு வெச்சிருக்காங்க" என்றாள். ஆரோக்கியநாதன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முடிவதற்குள் இறந்துபோனார். அடக்கத்துக்குத் தேவானை வந்து, பெண்களோடு நிற்காமல் வெயிலில் தனியாக நின்றுவிட்டுப் போனாள்.

துறைக்குப்பம் மறுபடி எழும்பவில்லை. துணி வெளுக்கத் துறை இல்லாமல் தேவானை மயிலாப்பூரில் வீட்டு வேலைக்கு வந்தாள். 1949 ஆடியில் லஸ் வீட்டில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய் நின்றாள்.

"எந்த ஊர்?" என்றாள் சூடாமணி.

"தென்கரைம்மா. துறைக்குப்பம். வெள்ளத்துல எல்லாம் பூட்ச்சு."

சூடாமணி வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "மூலையெல்லாம் நன்னாப் பெருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் தேவானை பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது அவர் அங்கே இருந்தார். கட்டைவிரல் உயரம், வெள்ளை வேட்டி, துண்டு. சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தேவானை துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்த்தாள். இடது முகம். பீரோவின் அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். இடது முகம்.

"யோவ். இந்தாண்ட திரும்பு."

அவர் ஏதோ சொன்னார், கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். "இன்னா சொல்ற?" என்றாள். அவர் மறுபடியும் சொன்னார். மன்னிப்பாக இருக்கலாம், அதட்டலாக இருக்கலாம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சூடாமணி எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தேவானை எழுந்து, துடைப்பத்தை எடுத்து, அவரைச் சுற்றிப் பெருக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நோராவைப் பார்த்தபோது சொன்னாள்: "ஒரு வீச்சு போதும் டீச்சரம்மா. ஆனா மூஞ்சியே காட்டாதவன அடிச்சா, எவன அடிச்சோம்னு நமக்கே தெரியாது." சொல்லிவிட்டு அழுதாள். வெள்ளம் போன ஆறு வருஷத்தில் அவள் அழுதது அன்றுதான்.

அவள் அந்த வீட்டு வேலையை விடவில்லை. கார்த்திகையில் புது ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு பேர்" என்றாள் சூடாமணி.

"குடும்பத் தலைவர் இருக்காரா? கையெழுத்து வேணும்."

"ஆத்துலதான் இருக்கார். உள்ள வாங்கோ. செத்த கீழ பாத்து நடங்கோ."

அதிகாரி தலையை ஆட்டினார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்தபடி சுவரோரமாகவே நடந்து வந்து, மேஜை மேல் காகிதத்தை விரித்து, பெரியவர்கள் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.